ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஃபைல்

கீர்த்திவாசனை அரவேணுவில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கம்ப்யூட்டர் கீர்த்தி' என்று கேட்டால்தான் ஆட்டோ ஸ்டாண்டில் வழி சொல்வார்கள். என் பேக்கரிக்கும் அவன் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவன் தும்மினால் இந்தப் பக்கம் என் வர்க்கி பிஸ்கட் தட்டு அதிரும். அதனால் அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு.

அவன் அப்பா அவிநாசியிலிருந்து வந்து இங்கே மளிகைக்கடை வைத்தவர். மகன் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்ததால் கோயம்புத்தூருக்கு அனுப்பி டிப்ளமோ படிக்க வைத்தார். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனார்கள். இவன் வெயில் ஆகாது என்று ஒரு சாக்குச் சொல்லி இந்த நீலகிரி மலைக்கே திரும்பி வந்துவிட்டான். மளிகைக்கடையின் பாதியை மறித்து 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று போர்டு மாட்டினான். அப்பா போன பிறகு மறு பாதியையும் எடுத்துக்கொண்டான். கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள், தலை வழுக்கையானது. எல்லாம் அந்தப் பலகைச் சுவருக்குப் பின்னால்தான்.

மழையில் போகும்போது ரெயின்கோட்டை லேப்டாப் பைக்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு போவான். "உனக்குக் காய்ச்சல் வந்தா யாருடா ரிப்பேர் பண்றது?" என்று திட்டியிருக்கிறேன். "எனக்கு ஸ்பேர் கெடைக்குமுங்ணா, அதுக்குக் கெடைக்காது" என்பான். இப்படி ஒரு பிறவி.

எஸ்டேட் ஆபீஸ், பள்ளிக்கூடம், காய்கறி மண்டி என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவனுக்குத்தான் போன் வரும். போனை எடுத்ததும் அவன் கேட்பது ஒன்றுதான். "என்ன எரர் வருதுங்க? அப்படியே படிச்சுச் சொல்லுங்க." எரர் என்றால் மற்றவர்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இவனுக்கு அதில் ஒரு சந்தோஷம். "எரர் வந்தா நல்லதுங்ணா. எங்க வலிக்குதுன்னு அதுவே வாயத் தொறந்து சொல்லிப்போடுது" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

அவன் பிழைப்பில் பாதி ஒரே நோய்க்கு வைத்தியம் பார்ப்பதுதான். எனக்கு அவன் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் இரண்டு சாதி உண்டு. ஒன்று அட்மின், எதையும் திறக்கலாம், எதையும் மாற்றலாம். இன்னொன்று சாதாரண யூசர். கொடுத்த இடத்தில் உட்கார்ந்து கொடுத்த வேலையைச் செய்ய வேண்டும். முன்பெல்லாம் எல்லா ஆபீசிலும் எல்லாரும் அட்மினாகவே நுழைவார்கள். பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். பிறகு ஆடிட், செக்யூரிட்டி என்று பெரிய கம்பெனிகள் சட்டம் போட்டன. ஆளுக்கு ஒரு லாகின், எல்லாரும் சாதாரண யூசர். அன்றைக்கே பழைய சாஃப்ட்வேர்கள் படுத்துக்கொள்ளும். அவை தங்கள் கணக்கையெல்லாம் தாங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிப் பழகியவை. அங்கே எழுத யூசருக்கு அனுமதி கிடையாது. 'ஆக்ஸஸ் டினைடு' என்று வந்து நிற்கும்.

அரைகுறை ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். எல்லாரையும் திரும்ப அட்மினாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். கீர்த்தி அப்படிச் செய்ய மாட்டான். எந்த ஃபோல்டரில் இடிக்கிறது என்று தேடிப் பிடித்து, அதற்கு மட்டும் அனுமதி கொடுப்பான். அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கெட்டிக்காரனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அரவேணுவுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். அங்கே தொழிலாளர்களுக்கென்று ஒரு டிஸ்பென்சரி உண்டு. டாக்டர் எப்போதாவது வருவார்; மற்ற நேரம் இரண்டு நர்சுகள் மாறி மாறிப் பார்ப்பார்கள். மூத்தவள் பாலாமணி. அதே எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைனில் பிறந்து, படித்து, அதே டிஸ்பென்சரிக்கு நர்சாக வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லைனில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். இளையவள் சுவாதி, கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த பெண்.

எஸ்டேட் கைமாறி புது கம்பெனி வந்தபோது இரண்டு காரியம் நடந்தது. நோயாளிகளுக்கு வைத்திருந்த பழைய அட்டைகளை மூட்டை கட்டிவிட்டு, இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றார்கள். அதில் ஏற்கனவே ஒரு பழைய சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எந்தக் காலத்திலோ எழுதிக் கொடுத்தது. இரண்டாவது, ஆளுக்கு ஒரு லாகின். அதைச் செய்து கொடுக்கப் போனவன் கீர்த்தி.

பாலாமணிக்கு ஒன்று, சுவாதிக்கு ஒன்று என்று லாகின் போட்டான். பாலாமணியின் லாகினில் நுழைந்து சாஃப்ட்வேரைத் திறந்தான். எரர் வரவில்லை. ஏதோ ஒரு பெயரைப் போட்டுச் சேமித்தான். எரர் வரவில்லை. மூடித் திறந்து பார்த்தான், போட்ட பெயர் இருந்தது. சுவாதியின் லாகினில் திறந்தான், அதுவும் ஒழுங்காகத் திறந்தது. "பழசா இருந்தாலும் நல்லா எழுதியிருக்கானுங்ணா, ஒரு எரர்கூட இல்லை" என்று திரும்பி வந்து என்னிடம் மெச்சிக்கொண்டான். பாலாமணியின் லாகினில் போட்ட பெயர் சுவாதியின் லாகினில் தெரிகிறதா என்று மட்டும் அவன் பார்க்கவில்லை. யாருக்கு அது தோன்றும்?

ஆடி மழையில் ஒரு நாள் காலை, கருப்பம்மா என்கிற கொழுந்து பறிக்கும் பெண்ணை நெஞ்சு முழுக்கச் சளியும் காய்ச்சலுமாகத் தூக்கி வந்தார்கள். அன்றைக்கு சுவாதியின் டியூட்டி. டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் பென்சிலின் ஊசி போடச் சொன்னார். கருப்பம்மாவுக்குப் பேசத் தெம்பில்லை. புருஷன் அழகர்சாமிக்கு மருந்தின் பெயரெல்லாம் தெரியாது. சுவாதி கம்ப்யூட்டரில் பார்த்தாள். எச்சரிக்கை எதுவும் இல்லை. முறைப்படி தோலில் சோதனை போட்டுப் பார்த்தாள். அதிலும் எதுவும் தெரியவில்லை. ஊசியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கருப்பம்மாவுக்கு மூச்சு அடைத்தது. கையில் இருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். கோத்தகிரிக்குக் கொண்டு போகும் வழியில் ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது.

பாலாமணி ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "அவளுக்கு பென்சிலின் ஆகாதுன்னு போட்டிருந்தனே, பாக்கலியா கண்ணு?" என்பது. சில வாரங்களுக்கு முன்னால் வேறு எங்கோ ஊசி போட்டுக்கொண்டு உடம்பெல்லாம் தடித்துப்போய், அதைக் காட்டத்தான் கருப்பம்மா அவளிடம் வந்திருக்கிறாள்.

மேனேஜர் கீர்த்தியைக் கூப்பிட்டனுப்பினார். போகும்போதே அவருடைய உத்தரவு, பாலாமணியின் லாகினை முதலில் நிறுத்து என்பது. அந்த அம்மா உள்ளே புகுந்து புதிதாக எதையாவது சேர்த்துவிட்டால் என்ன செய்வது? கீர்த்தி நிறுத்தினான். பிறகு அட்மினாக நுழைந்து பார்த்தான். கருப்பம்மா பெயருக்கு எதிரே பழைய குறிப்புகள் இருந்தன, பென்சிலின் பற்றி ஒன்றும் இல்லை. சுவாதியின் லாகினில் பார்த்தான். அங்கேயும் இல்லை. நிறுத்திய லாகினுக்குள் யாரும் போக முடியாது.

"ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாமப் போக சான்ஸ் இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார்.

"இல்லைங்க சார். ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஃபைல். யாரு போட்டாலும் எல்லாத்துக்கும் தெரியும்" என்றான் கீர்த்தி.

பாலாமணி அங்கேதான் நின்றிருந்தாளாம். விசாரணை அதோடு முடிந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாள். ஆள் போனால் சாவியை வாங்குவதுபோல லாகினையும் எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். கீர்த்தி போய் எடுத்தான். 'இந்த யூசரின் ஃபைல்களையும் அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. வழக்கம்போல ஆமாம் என்று தட்டினான்.

லைனில் அந்த அம்மாவைப் பேசாத பேச்சில்லை. வயசாயிடுச்சு, மறந்துட்டா, செஞ்சதையும் ஒத்துக்காம கம்ப்யூட்டர் மேல பழி போடறா என்றார்கள். அவள் கையில் பிறந்தவர்களும்தான் பேசினார்கள். என் கடைக்கு டீ குடிக்க வந்தவர்கள் பேசியதையும் கேட்டேன். நானும் 'ஆமாமா' என்றுதான் டீயை ஆற்றினேன்.

மார்கழி உறைபனி சமயத்தில் டிஸ்பென்சரிக்குப் புது நர்ஸ் வந்தாள். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். வந்த வாரமே சுவாதியிடம், "ஏனுங்க, நீங்க கம்ப்யூட்டர்ல எதையுமே போட மாட்டீங்களா? எல்லாத்தையும் நானேதான் போடோணுமா?" என்று கேட்டிருக்கிறாள். "நான் போட்டுட்டுதான் இருக்கேன், நீங்கதான் போடறதில்லை" என்று சுவாதி கத்த, சண்டை ஆபீஸ் வரைக்கும் போய், மறுபடியும் கீர்த்திக்குப் போன் வந்தது.

அவன் போய் ஒவ்வொரு லாகினிலும் நுழைந்து பார்த்தான். சுவாதியின் லாகினில் சுவாதி போட்டது மட்டும் இருந்தது. புது நர்ஸின் லாகினில் அவள் போட்டது மட்டும். தேடிக்கொண்டே போனவனுக்கு, சுவாதியின் பெயரில் கம்ப்யூட்டர் ஒளித்து வைத்திருந்த ஒரு ஃபோல்டர் கிடைத்தது. அதற்குள் டிஸ்பென்சரி ஃபைலின் நகல் ஒன்று. புது நர்ஸின் பெயரிலும் அப்படியே இன்னொன்று.

கடைக்கு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து அவன் இதைச் சொன்னபோது எனக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "வெளக்கமாச் சொல்லுடா" என்றேன்.

"கடைக்கு வெளியில ஒரு போர்டு இருக்குன்னு வெய்ங்ணா. அதுல எழுத உங்களுக்கு அனுமதி இல்லை. ஆனா இல்லைன்னு சொன்னா நீங்க சண்டைக்கு வருவீங்க. அதனால அதே மாதிரி ஒரு போர்டைச் செஞ்சு உங்க ஊட்டுக்குள்ள மாட்டிப்போடறான். நீங்க எழுதறீங்க, எழுதினது தெரியுது. ஊரே படிக்குதுன்னு நெனச்சுக்கறீங்க. ரொம்பப் பழசான சில சாஃப்ட்வேர் மட்டும் எரர் வராம ஓடோணும்னு விண்டோஸ்காரன் பண்ணி வெச்ச வேலைங்ணா இது. எரர் வந்திருந்தா அன்னைக்கே நான் சரி பண்ணியிருப்பேன்."

"அப்ப அந்தம்மா போட்டது?"

"அவங்க லாகின்ல இருந்திருக்கும்."

"போய் எடு."

அவன் என்னைப் பார்த்தான். அழித்தது யார் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. லாகின் மாறிய நாளிலிருந்து பாலாமணிக்கு சுவாதி போட்டது தெரிந்திருக்காது. சுவாதிக்கு பாலாமணி போட்டது தெரிந்திருக்காது. ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை? சுவாதியிடம் கீர்த்தி இதைக் கேட்டிருக்கிறான். அந்தப் பெண் அழுதுகொண்டே, "பெரியவங்க, கம்ப்யூட்டர் வராதோ என்னவோ, கேட்டா சங்கடப்படுவாங்கன்னு விட்டுட்டேனுங்ணா" என்றாளாம். சின்னப் பெண், புதுசு, குத்திக்காட்ட வேண்டாம் என்று பாலாமணியும் விட்டிருப்பாள். மரியாதை மரியாதை என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வாய் நீண்டவள் ஒருத்தி வந்துதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அவள் ஆடிக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

அழிந்ததை மீட்க கீர்த்தி படாத பாடு பட்டான். டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வந்து கடையில் வைத்து என்னென்னவோ சாஃப்ட்வேர் போட்டுத் தேடினான். கோயம்புத்தூருக்குக் கொண்டு போய் அதற்கென்றே இருக்கும் ஆட்களிடம் காட்டினான். அழித்த இடத்தின் மேல் புதிதாக எழுதியாகிவிட்டது, ஒன்றும் மிஞ்சாது என்று கையை விரித்தார்கள். அந்த நாட்களில் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. வேறு வேலைக்குப் போன் வந்தாலும் எடுக்க மாட்டான்.

மேனேஜரிடமும் போனான். அவர் பொறுமையாகக் கேட்டாராம். "பாலாமணி என்ட்ரி போட்டாங்கன்னு உங்களால காட்ட முடியுமா?" என்றாராம். "போட்டிருக்கலாம்னு சொல்ல முடியுங்க. காட்ட முடியாதுங்க" என்றிருக்கிறான். "அப்ப இதைத் தோண்டி யாருக்கு என்ன லாபம்? ஃபோல்டரைச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். கீர்த்தி சாஃப்ட்வேர் இருந்த ஃபோல்டரில் எழுத எல்லாருக்கும் அனுமதி கொடுத்தான். சின்ன வேலை; டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது ஒருவர் போடுவது எல்லாருக்கும் தெரிகிறது.

பாலாமணி குன்னூருக்கு அப்பால் கேத்தியில் தங்கை வீட்டில் இருப்பதாகவும், கேரட் கழுவும் இடத்தில் வேலைக்குப் போவதாகவும் தெரிந்தது. "தனியாப் போக மாட்டேனுங்ணா, நீங்களும் வாங்க" என்றான். கடையை மூடிவிட்டு அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக நின்று கேரட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டர் மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "சிஸ்டர்" என்று கீர்த்தி கூப்பிட்டதும் அவள் திரும்பினாள்.

"ஏனுங்க கீர்த்தி, இவ்வளவு தூரம்? ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

அவன் அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் கொட்டினான். ஒளிந்திருந்த ஃபோல்டர், ஆளுக்கொரு நகல், தான் தட்டிய பட்டன். பாலாமணி கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட நல்லது என்று நினைத்தேன்.

"நான் போடலைங்க" என்றாள்.

"போட்டிருப்பீங்க சிஸ்டர். அன்னைக்கே போட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்புறம் நீங்க மெசினைத் தொறந்து பாத்து இல்லைன்னீங்க. படிச்சவரு, இது உங்க தொழிலு. ஊட்டுக்குப் போயி ரா முச்சூடும் நெனச்சு நெனச்சுப் பாத்தேன். கருப்பம்மா எம்முன்னால உக்காந்து கைத் தடிப்பைக் காட்டுனது நெனப்பிருக்குது. நான் கீபோர்டுல கை வெச்சது நெனப்பிருக்குது. அப்பத்தான் கொழந்தைக்கு வலிப்புன்னு ஒருத்தி ஓடியாந்தா. அடிச்சு முடிச்சுட்டு எந்திரிச்சனா, பாதியில எந்திரிச்சனா? அதுதான் தெரியலை. நீங்க இல்லைன்னு சொன்னதும் பாதியிலதான் எந்திரிச்சிருக்கேன்னு ஆயிப்போச்சு."

மிஷின் சத்தத்தில் அவள் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் எங்களையே பார்த்தார்கள்.

"ஒருத்தருக்கும் தெரியாம அழகர்சாமி ஊட்டுக்குப் போயி கால்ல உழுந்தேனுங்க. மறந்துபோட்டேன், என்னை மன்னிச்சுருன்னேன். அந்த மனுசன் என்னைத் தூக்கி உக்கார வெச்சு, 'பொய் சொல்லாம ஒத்துக்கிட்டியே, அது போதும் தாயி'ன்னாரு. இப்ப நான் போயி, நான் போட்டேன், மெசினுதான் மறைச்சுப்போட்டுதுன்னு சொல்லவா? அவரு எந்தப் பாலாமணியை நம்புவாரு?"



அவள் ஒரு அடி கிட்டே வந்தாள். குரலைத் தணித்தாள். "ஊருக்கு வேண்டாம், ஆபீசுக்கு வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் போட்டனா, போடலையா?"

சொல்லுடா, போட்டீங்கன்னு சொல்லுடா என்று அவன் முதுகைப் பார்த்து மனதுக்குள் கத்தினேன். ஒரே ஒரு பொய். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளைத் தூங்கிக் கழிப்பாள்.

"தெரியலைங்க சிஸ்டர்" என்றான் கீர்த்தி.

பாலாமணி தலையை ஆட்டினாள். லோடு வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். நாங்கள் டீ குடிக்கவில்லை.

குன்னூர் வந்துவிட்டது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ஒரு பொய் சொல்லியிருந்தா உன் சொத்து போயிருக்குமாடா?" என்று அவன் காதருகே கத்தினேன்.

அவன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஒருக்காச் சொன்னதுலதானுங்ணா அவங்களுக்கு இந்த கதி" என்றான்.